ஃபஸ் பெடலுக்குள் செய்தி வாசிப்பாளர்

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டிதான் ஃபஸ் பெடல். நானே கட்டிய ஒன்றின் சுவிட்சைக் காலால் மிதித்தேன். கிட்டாரில் இன்னும் கை வைக்கவே இல்லை, அதற்குள் சத்தம் வந்துவிட்டது. அடியில் ஓர் ‘ஊம்ம்’. அதன் மேல் ‘உஸ்ஸ்’. கரகரப்பைக் கூட்டும் சஸ்டெயின் குமிழைப் பாதிக்கு மேல் திருகினால் குக்கர் விசில் மாதிரி ‘கீ’. இதெல்லாம் போதாதென்று எங்கோ கிணற்றுக்குள் இருந்து ஒருவர் தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

வெரோ போர்டில் (செம்புப் பட்டைகள் ஓடும் துளைப் பலகை) பிக் மஃப் என்ற பிரபல ஃபஸ் பெடலின் சர்க்யூட்டைப் பற்றவைத்து முடிக்க எனக்கு ஒரு நாள்தான் ஆனது. இரைச்சலைத் துரத்த ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் என் முட்டாள்தனத்துக்கே சரியாகப் போய்விட்டது.

சர்க்யூட் படத்தில் போட்டிருந்தது 2என்5088 டிரான்சிஸ்டர். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்ட இடமெல்லாம் பிசி547தான் கொடுத்தார்கள். அதையே போடலாம், தப்பில்லை. ஆனால் தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்தால் அதில் இடது கால் எமிட்டர், இதில் இடது கால் கலெக்டர். அதனால் திருப்பித்தான் போட வேண்டும். நான் படத்தில் இருந்தபடியே போட்டுவிட்டேன். தலைகீழாகப் போட்டாலும் அது செத்துத் தொலைக்காது, அரை உயிரோடு வேலை செய்யும். நாமும் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம். ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. திருப்பிப் போட்டதும் பெடலுக்கு உயிர் வந்தது, கூடவே மேலே சொன்ன கச்சேரியும் வந்தது.

மலிவான டிரான்சிஸ்டர், அதான் இரைகிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். நான்கையும் பிடுங்கி, இரைச்சல் குறைவான பிசி549சி போட முடிவு. வாங்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெரு முழுக்க ஷட்டர். பஸ் பிடித்துத் திரும்பி, சனிக்கிழமை மறுபடி போய் வாங்கினேன். போன கையோடு கார்பன் ரெசிஸ்டர்களுக்குப் பதிலாக மெட்டல் ஃபிலிம். பழையதைக் கழற்றும்போது செம்புப் பட்டை இரண்டு இடத்தில் உரிந்து வந்தது, வயர் வைத்து ஒட்டுப்போட்டேன். இவ்வளவுக்கும் பலன், ‘உஸ்’ ஒரு பிடி தணிந்தது. ‘ஊம்’ அசையவில்லை.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை மூன்றாவது வாரம் செய்தேன்: அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரி மாட்டினேன். ‘ஊம்’ முக்கால்வாசி போய்விட்டது. பெடல் கட்டுகிற யாராக இருந்தாலும் ஒரு நல்ல பேட்டரியை டப்பாவில் தனியாக எடுத்து வையுங்கள், வேறு எதையும் தொடும் முன் அதை மாட்டிப் பாருங்கள். காதும் உதவும். சஸ்டெயினைக் குறைத்துவிட்டு ஆறாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டை மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். ஊம் அதற்கு ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ், அதாவது அடாப்டருக்குள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் டயோடுகளைத் தாண்டி இரட்டிப்பாகி, சரியாக வடிகட்டப்படாமல் வருகிறது. எனக்கு அச்சு அசலாக அதுதான்.

அடாப்டரை ‘ரெகுலேட்டட்’, அதாவது 9 வோல்ட்டிலேயே நிலையாக நிற்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மல்டிமீட்டர் வைத்தால் 13.4 வோல்ட். கடைக்கே கொண்டுபோனேன்.

“லோடு குடுத்தா எறங்கிடும் தம்பி.”

“ண்ணா, ரெகுலேட்டட்னா லோடு இல்லாமயும் 9 தானே காட்டணும்?”

அவர் பதில் சொல்லவில்லை. பில்லின் அடியில் இருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ வரியை விரலால் தொட்டுக் காட்டினார். லோடு கொடுத்தால் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் 500 மில்லிஆம்ப் இழுக்கிற லோடுக்கு. இந்தப் பெடல் இழுப்பது நாலைந்து மில்லிஆம்ப். பக்கத்துக் கடையில் வோல்ட்டை 9-ல் நிறுத்தும் 7809 ரெகுலேட்டர் ஒன்றை வாங்கிவந்து நடுவில் போட்டேன். பெடலுக்குள் மின்சாரம் நுழையும் இடத்தில் 100 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அடாப்டர் ஊம் ஒழிந்தது.

இதற்கு நடுவில் ஒரு கேவலம் நடந்தது. பேட்டரியில் ஓடும்போதும் மிச்சமிருந்த ஊம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, பெடலிலிருந்து கிட்டார் வயரைப் பிடுங்கினேன். மயான அமைதி. ஆக கிட்டார்தான் குற்றவாளி என்று அதைக் கழற்றி, உள்ளே செம்பு டேப் எல்லாம் ஒட்டி, இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது. இன்புட் ஜாக்கே பேட்டரிக்கும் சுவிட்ச். வயரைப் பிடுங்கினால் கரண்டே போய்விடும். எல்இடி அணைந்ததுகூட என் கண்ணில் படவில்லை. சோதிக்க வேண்டுமென்றால் வயரை விட்டுவிட்டு, கிட்டாரின் வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுபோங்கள். அப்போதும் இரைந்தால் தப்பு பெடலுக்குள்.

செய்தி வாசிப்பவரைக் கண்டுபிடித்தது மீட்டரின் ‘பீப்’, இரண்டு முனைக்கும் இடையே மின் தொடர்பு இருந்தால் வரும் சத்தம். கிரவுண்டில் ஒரு முனை, பெட்டியில் ஒரு முனை வைத்தால் பீப் வரவில்லை. அலுமினியப் பெட்டிதான், ஆனால் உள்ளும் புறமும் கறுப்பு பவுடர் கோட்டிங். ஜாக் உட்காரும் இடத்திலும் பெயிண்ட், மூடி உட்காரும் விளிம்பிலும் பெயிண்ட். பெட்டி கிரவுண்டோடு சேராமல் சும்மா நின்றுகொண்டு, மீடியம் வேவ் ரேடியோவை வரவேற்றிருக்கிறது. உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கும்வரை தேய்த்தேன், பீப் வந்தது, மிச்ச ஊம்மும் அடங்கியது. செய்தி முணுமுணுப்பானது. முதல் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 பிகோஃபாரட் வைத்ததும் அவரும் விடைபெற்றார்.

(கிட்டார் ஆம்ப்ளிஃபயரின், அதாவது ஆம்பின், எர்த் பின்னை வெட்டிவிடு, ஊம் போகும் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஊம் போகலாம், ஆளும் போகலாம். செய்யாதீர்கள்.)

‘கீ’ மட்டும் பாக்கி. பெட்டியைத் திறந்து வைத்து, பெடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஸ் குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஒரு வயரை நகர்த்தும்போது விசிலின் சுருதி வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் நின்றது. விட்டால் மறுபடி ‘கீ’. இன்புட் வயரையும் அவுட்புட் வயரையும் அழகாக இருக்கட்டும் என்று நானே சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தேன். சிக்னலை அவ்வளவு பெருக்குகிற சர்க்யூட்டில் வெளியே போவது ஓரத்தில் கசிந்து உள்ளே வந்தால் கத்தாமல் என்ன செய்யும்? டையை வெட்டி, இன்புட்டுக்கு ஷீல்டு (சுற்றிலும் கவசமாக உலோக வலை) உள்ள மைக் வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேர்த்தேன். சஸ்டெயினைக் கடைசிவரை திருகினேன். கத்தவில்லை. இரண்டு முறை திருகிப் பார்த்தேன்.

முதல் நாள் பாகங்கள் வாங்கியபோதே கவுண்டரில் இருந்த பெரியவர் “இன்புட்டுக்கு மைக் வயர் ஒரு மீட்டர் போட்டுடவா தம்பி?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன், அதிகப்படி விற்கப் பார்க்கிறார் என்று நினைத்து.

‘உஸ்’ இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சஸ்டெயின் முழுக்க வைத்தால் இந்த சர்க்யூட்டில் அது இருக்கத்தான் செய்யும், வாசிக்கும்போது காதில் விழாது. ஒன்றுதான் உறுத்துகிறது: பெட்டியை விரலால் தட்டினால் ஆம்பில் ‘டொக்’ என்கிறது. சிக்னல் வழியில் இருக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றின் மேல்தான் சந்தேகம், பாலியெஸ்டர் வாங்கிப் போடணும். சனிக்கிழமை போகிறேன்.