சிஸ்பிளாட்டினும் சம்பாவ் புல்லும்: நான் மதிப்பெண் இழந்த கேள்வி

உயிர்மருத்துவ அறிவியல் மூன்றாம் ஆண்டுத் தேர்வில், நுரையீரல் புற்றணுக்கள் கீமோ மருந்துகளை எவ்வாறு எதிர்க்கின்றன என்ற 15 மதிப்பெண் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதி, 6 மதிப்பெண் வாங்கினேன். விடைத்தாளில் ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையில் இரட்டைக் கோடு இருந்தது: 'பி-கிளைக்கோபுரதம் சிஸ்பிளாட்டினை வெளியேற்றுகிறது.' 1976இல் கண்டறியப்பட்ட அந்தப் புரதம் உயிரணுவின் சவ்விலுள்ள ஒரு பம்பு; பாக்லிடாக்சல், எட்டோபோசைடு போன்ற கீமோ மருந்துகளைத்தான் அது வெளியே தள்ளும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோ அதன் பிடியில் சிக்குவதில்லை. வழிமுறைகளின் பெயர்களை உருப்போட்டிருந்தேனே தவிர, எந்த மருந்துக்கு எது என்று யோசித்ததேயில்லை.

விடுமுறையில் மலேசியாவிலுள்ள எங்கள் ஊரான தெலுக் இந்தானுக்கு வந்தபோது, செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிக்கும் அம்மா, தோள் பம்பை இறக்கி வைத்தபடி, "இந்தச் சம்பாவ் புல்லுக்கு இப்பல்லாம் மருந்து ஏறவே மாட்டேங்குதும்மா" என்றார். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு மசியாத சம்பாவ் புல் மலேசியாவில் 1997இல் எங்கள் பகுதியில்தான் தென்பட்டது என்பதையும், அம்மருந்து பற்றிக்கொள்ளும் நொதியே அப்புல்லில் மாறியிருந்தது என்பதையும் பின்னர் படித்தேன். மருந்து போகும் வழியில் எந்த இடத்தில் தடை விழுகிறது என்று கேட்கப் பழகியது அதன் பிறகுதான்.

ஆகவே, இப்படியொரு கேள்விக்குத் தயாராகும்போது பெரிய தாளொன்றில் ஒரே ஒரு மருந்தின் பயணத்தை மட்டும் வரையுங்கள். சிஸ்பிளாட்டின் புற்றணுவுக்குள் நுழைய உதவும் வழிகளுள் ஒன்று சிடிஆர்1 என்னும் செம்புக் கடத்தி; அது குறைந்தால் உள்ளே சேரும் அளவு குறையும். உள்ளே வந்ததை அணுவிலுள்ள குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு பிணைத்து முடக்கும். அதற்கும் தப்பி டிஎன்ஏவின் குவானினைப் பற்றிக் குறுக்குப் பிணைப்பை உண்டாக்கினாலும், இஆர்சிசி1 என்ற புரதம் அடங்கிய பழுதுநீக்கக் கூட்டம் அதை வெட்டியெடுத்துவிடும். சேதம் எஞ்சியிருந்தாலும், பி53 மரபணு பழுதான அணு சாவதற்கான கட்டளையைச் சரிவரப் பிறப்பிப்பதில்லை. இதே தாளைப் பாக்லிடாக்சலுக்கு வரைந்தால் படம் அடியோடு மாறும்: அங்கே வெளியேற்றும் பம்பும், மருந்து பற்றும் டியூபுலின் என்ற புரதத்தின் மாற்றுவகையுமே முக்கியம்.

கேள்வியில் எந்த வகை நுரையீரல் புற்று என்றும் பாருங்கள். சிற்றணு வகை முதலில் நன்றாகக் கரைந்து, பெரும்பாலும் சில மாதங்களில் எதிர்ப்போடு திரும்பும். மற்ற வகைகளில் பல தொடக்கத்திலிருந்தே அவ்வளவாக மசியாதவை. ஜெஃபிட்டினிப்புக்கு எதிரான டி790எம் திடீர்மாற்றத்தை இங்கே இழுத்து வராதீர்கள். ஜெஃபிட்டினிப் கீமோ மருந்தல்ல, இலக்குநோக்கு மருந்து. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சறுக்கியது அங்கேதான்.

அடுத்த பருவத்து வாய்மொழித் தேர்வில் நான் புல் உவமையைச் சொன்னதும், "அது எங்கே பொருந்தாது?" என்று கேட்டார்கள். எதிர்ப்புள்ள புல் தன் மாறிய மரபணுவை விதை வழியே கடத்துகிறது. புற்றணுக்களில் சிலவோ மரபணு மாற்றம் இல்லாமலேயே பிரிவதை நிறுத்திப் பதுங்கிக்கொள்கின்றன, மருந்து விலகிச் சில காலம் கழிந்தால் அவற்றின் வழிவந்த அணுக்கள் அதே மருந்துக்கு மறுபடியும் மசியக்கூடும் என்றேன். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.