பட்லரின் பதில்

நான் ஜூனியராக இருந்தபோது, எதிர்தரப்புப் பிராது கைக்கு வந்ததும் என் சீனியர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவார். "நமக்கு வேண்டியதை அவனே எழுதியிருப்பான், தேடுப்பா" என்பார். பெஞ்சமின் பட்லரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் ஞாபகம் வருகிறது.

பட்லர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் லோவெல் ஊர் வக்கீல். ஆலைத் தொழிலாளர்களுக்குப் பத்து மணி நேர வேலை கேட்டவர். ஆனால் அடிமைமுறையை எதிர்த்தவர் இல்லை. 1860இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜெபர்சன் டேவிஸை அதிபர் வேட்பாளராக்கச் சுற்றுக்குச் சுற்று வாக்களித்தார். அடுத்த வருஷமே டேவிஸ் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவர். உள்நாட்டுப் போர் மூண்டது. பட்லர் வர்ஜீனியாவின் மன்றோ கோட்டையில் வடபடைத் தளபதி.

1861 மே 23 இரவு, தென்படைக்குப் பீரங்கி மேடை கட்டிக்கொண்டிருந்த மூன்று அடிமைகள் படகில் தப்பி அங்கே வந்தார்கள். பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட். ஓடிவந்தவர்களைத் திருப்பிக் கொடுப்பதுதான் அன்றைய சட்டம். அது தெரிந்தும் துடுப்பு போட்டார்கள். என்னைக் கேட்டால் அன்றைய வழக்கைத் தொடுத்தவர்கள் அவர்கள்தான்.

மறுநாள் வெள்ளைக் கொடியோடு தென்படை மேஜர் கேரி வந்து, எஜமானர் கர்னல் மல்லோரியின் சார்பில் மூவரையும் கேட்டார். பட்லர் எதிராளியின் பிராதையே புரட்டினார். நீங்கள் வேறு நாடு என்கிறீர்கள், வேறு நாட்டுக்கு எங்கள் சட்டம் எப்படிப் பொருந்தும்? இவர்கள் சொத்து என்கிறீர்கள், சரி, எங்களுக்கு எதிராகப் பயன்படும் சொத்தைப் போரில் பறிமுதல் செய்யலாம். கர்னல் அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் திருப்பித் தருகிறேன்.

வாதம் பிரமாதம். ஆனாலும் அப்படித் தப்பி வந்தவர்களுக்கு ஒட்டிக்கொண்ட 'பறிமுதல் சரக்கு' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. வழக்கு ஜெயித்தது, மனிதர்கள் காகிதத்தில் சரக்காகவே நின்றார்கள்.

அப்புறம் பட்லர் நாடாளுமன்றம் போனார், 1871இல் கறுப்பர்களைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கும்பலான கூ கிளக்ஸ் கிளானுக்கு எதிரான சட்டத்துக்குப் பாடுபட்டார், 1883இல் மாசசூசெட்ஸ் ஆளுநரானார். எனக்கு அதைவிட முக்கியம் அவர் மே 27 அன்று மேலிடத்துக்கு எழுதிய கடிதம். அதற்குள் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கோட்டைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பீரங்கி வேலைக்கான சரக்கு என்று சொல்ல முடியாது. வாதம் அங்கே தீர்ந்துபோனது. அப்பா அம்மாவிடம் வேலை வாங்கிக்கொண்டு பிள்ளைகளை மட்டும் வெளியே நிறுத்த முடியுமா என்று அந்த வக்கீல் அதில் கேட்டிருந்தார்.