செயலாளர் மாறிட்டார், ஓடிபி இன்னும் மாறல

வடக்கு மாவட்டம் ஒன்னுல, நடுகல் நிறைய கிடைக்கற பக்கம், ஒரு வரலாற்று ஆர்வலர் சங்கத்துல கொஞ்ச வருஷமா ஆபீஸ் வேலை பாக்கறேன். சங்கத்து பேரு வேணாம். சம்பளம் வெளிய சொல்லிக்கற அளவுக்கு இல்ல, ஆனா வேலை புடிச்சிருக்கு. சந்தா ரசீது போடறது, ஆண்டு மலருக்கு ப்ரூஃப் பாக்கறது, பொதுக்குழுவுக்கு ஹால் புக் பண்ணி சாப்பாட்டுக்கு சொல்றது எல்லாம் நான்தான். இந்த வருஷ பொதுக்குழுவுல ரொம்ப காலமா செயலாளரா இருந்த ஐயா தானாவே எழுந்து "போதும்ப்பா, வேற யாராவது பாருங்க"ன்னுட்டார்.

எங்க மேடையில யார் மைக் புடிச்சாலும் உத்திரமேரூர் வந்துடும், அந்தக் காலத்துல ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதி கல்லுல வெட்டியிருக்கற ஊரு. முதலாம் பராந்தகன் காலம், 919லயும் 921லயும் எழுதின கல்வெட்டு, 30 குடும்பு (இப்ப வார்டுன்னு சொல்ற மாதிரி), தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி குடத்துல போட்டு சின்னப் பையனை விட்டு எடுக்கறது, இதெல்லாம் எனக்கே மனப்பாடம். வயசு 35ல இருந்து 70க்குள்ள, கடைசி 3 வருஷம் வாரியத்துல, அதாவது ஊர்ச்சபை கமிட்டியில, இருந்தவன் கூடாது, இருந்துட்டு கணக்கு காட்டாதவன் கூடாது, அவன் சொந்தக்காரனும் கூடாது. இதை உருகி உருகி பேசற எங்க கமிட்டியில 70 தாண்டாத ஆளை தேடணும், 3 வருஷ ரூல் எல்லாம் வெச்சா மேடையே காலி.

சட்டத்துலயும் 3 வருஷம் இருக்கு. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி கமிட்டியோட பதவிக்காலம் 3 வருஷத்தை தாண்டக்கூடாது, ஆனா திரும்ப அதே ஆளையே தேர்ந்தெடுத்துக்கலாம், அதனால எங்க தேர்தல்னா ஒருத்தர் முன்மொழிவார், ஒருத்தர் வழிமொழிவார், எல்லாரும் கை தட்டிட்டு சாப்பிட போயிடுவாங்க. பதவி ஆசைன்னு சில பேர் ஐயாவை பின்னாடி பேசுவாங்க, எனக்கு அது சரியா படல. ஞாயித்துக்கிழமை வெயில்ல காட்டுக்குள்ள போயி கல்லு கழுவறதுக்கும், ஆடிட்டர் ஆபீஸ்ல காத்து கிடக்கறதுக்கும் வேற யாரும் வரல, அதான் உண்மை. இப்ப புது செயலாளர் ஒரு காலேஜ் மேடம், வரலாறு எடுக்கறாங்க, எங்க சங்கத்துல அந்த நாற்காலிக்கு வந்த முதல் பொம்பளை. போட்டி இல்ல. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு எனக்கு ஒரு ஆசை, அது வேற.

அப்புறம் விருது. வாழ்நாள் சாதனையாளர் விருது ஒரு ரிட்டயர்டு பேராசிரியருக்கு. ஏற்புரை 5 நிமிஷம்னு நிகழ்ச்சி நிரல்ல போட்டிருந்தோம், அவர் அதை படிக்கல போல, சமையல்காரர் ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டு போனார். இந்த வருஷம் புதுசா களப்பணி விருதுன்னு ஒன்னு, அது ஐயா கடைசியா அடம் புடிச்சு கொண்டு வந்தது. ஆடு மேய்க்கற ஒரு அண்ணனுக்கு. எங்க மலர்ல வந்த நடுகல்லுங்கள்ல பாதிக்கு மேல "அங்க ஒரு வேடியப்பன் கல்லு இருக்கு சார், பொடி பொடியா எழுத்து மாதிரி தெரியுது"ன்னு அவர் போன் பண்ணினதுல ஆரம்பிச்சதுதான். எங்க பக்கம் நடுகல்லை வேடியப்பன்னுதான் கும்பிடுவாங்க. அதுல பல கல்லு தொறு மீட்டு செத்தவனுக்கு நட்டது, அதாவது மாடு ஓட்டிட்டு போனவங்க கிட்ட சண்டை போட்டு மாட்டை மீட்டவன். கட்டுரையில அந்த அண்ணன் பேரு அடிக்குறிப்புல கூட வந்ததில்ல, எழுதினவர் பேரு மட்டும் தடியா இருக்கும். பொன்னாடை போத்தி கேடயம் குடுத்தப்ப, ரெண்டு வார்த்தை பேசுங்கன்னதுக்கு அவர், "ரெண்டு வருஷம் முன்னாடி காட்டின கல்லு ரோடு போடறவங்க பொக்லைன்ல தள்ளி கவுந்து கெடக்குது, எப்ப வரீங்க"ன்னு மைக்லயே கேட்டுட்டார். ஹால்ல யாரும் பதில் சொல்லல. மேடம் மட்டும் டைரியில எழுதிக்கிட்டாங்க.

விழா முடிஞ்சா ஆட்சி மாறிடும்னு வெளிய இருக்கறவங்க நினைக்கலாம். எனக்கு வேலையே அப்புறம்தான். நிர்வாகிகள் மாறினதுக்கு மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல படிவம் 7 குடுக்கணும், பேங்க்ல தீர்மான நகல், புது ஆளுங்க ஆதார், பான், போட்டோ, மாதிரி கையெழுத்து. சங்கத்து அக்கவுண்ட்டுக்கு ஓடிபி பழைய பொருளாளர் போனுக்கு போகுது, அவர் மகன் வீட்டுக்கு பெங்களூரு போயிட்டார், பேரனை தூங்க வெக்கற நேரத்துல நான் போன் பண்ணி நம்பர் கேக்கறேன்.

அதை விட பெருசு அந்த பீரோ. ஐயா காலத்துல எடுத்த மைப்படி எல்லாம் அதுல சுருட்டி கிடக்கு. கல்லை பிரஷ்ஷால தேய்ச்சு கழுவி, ஈரப் பேப்பரை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துல இறங்கற மாதிரி பிரஷ்ஷால தட்டி, மேல மை ஒத்தி எடுக்கறது, கறுப்புல வெள்ளையா எழுத்து நிக்கும். ஓரத்துல பென்சில்ல குறிப்பு இருக்கும், ஆனா என்ன குறிப்பு, "ஏரிக்கரை, பெரிய கல்", "பழனி வீட்டு பின்னாடி". எந்த ஏரி, எந்த பழனி? கல்லு அங்கயே இருக்கோ இல்லையோ, சிலதுக்கு இனிமே இந்தப் பேப்பர்தான் சாட்சி. பதிவேட்டுல பாதி இருக்கு, மீதி ஐயா தலையில. கணக்கு காட்டாதவன் திரும்ப வரக்கூடாதுன்னு உத்திரமேரூர்ல எழுதினாங்க, எங்க ஐயா ரூபாய்க்கு பைசா சுத்தமா கணக்கு காட்டினார், இந்தக் கணக்கை மட்டும் யாரும் அவர்கிட்ட கேக்கவே இல்ல.

மேடம் இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை ஐயாவை ஆபீஸுக்கு வரவெச்சு ஒவ்வொரு சுருளா பிரிச்சு காட்டி, அவர் சொல்ல சொல்ல போன்ல ரெக்கார்டு பண்றாங்க. முதல்ல அவருக்கு கோவம், "என்னம்மா வாக்குமூலமா வாங்கற"ன்னார். இப்ப அவரே சீக்கிரம் வந்து உக்காந்துக்கறார், டீ மட்டும் சர்க்கரை கம்மியா வேணும். அடுத்த பொதுக்குழுவுக்குள்ள எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்னு மேடம் சொல்றாங்க, பெரிய சைஸ் ஸ்கேன் வெளிய குடுத்துதான் எடுக்கணும், அதுக்கு பணம் அனுப்பணும்னா பெங்களூருக்கு போன் பண்ணணும்.