மாட்டு வால் டிஸ்க்கில் ஜெல் நிரப்பிய அனுபவம்

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் சேதமானால், அதை ஹைட்ரோஜெல்லால், அதாவது நீர் நிறைந்த ஜெல்லால் சரிசெய்யும் ஆய்வில் முதலில் என்னைப் படாதபாடு படுத்தியது வேதியியல் அல்ல, மாட்டு வால். மனித டிஸ்க்குக்கு மாற்றாக மாட்டு வால் டிஸ்க்கைப் பல நாட்டு ஆய்வகங்களும் பயன்படுத்துகின்றன. ஆனால் சூப்புக்கு வெட்டும்போது கத்தி இறங்குவது இரண்டு எலும்புகளுக்கு நடுவே, அதாவது எனக்கு வேண்டிய இடத்திலேயே! “முழு வாலாகக் கொடுங்கள் பாய்” என்றதும், “வெட்டாமல் எப்படித் தம்பி வேகும்?” என்றார் கடைக்காரர்.

சதையை நீக்கி, இருபுறமும் சிறிது எலும்போடு டிஸ்க்கை அறுத்தெடுத்தேன். வெளிப்புற நார்வளையத்தைக் கீறி நடுக்கருவைச் சுரண்டினால் பிசுபிசுப்பான வெளிறிய கூழ் வருகிறது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

அந்தக் குழிக்குப் பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட். கால்சியம் பட்டால் இறுகும். கால்சியம் குளோரைடு சேர்த்தால் பட்ட இடம் உடனே கட்டிக்கொள்கிறது, உள்ளே நீர்மமாகவே நிற்கிறது, ஊசியும் அடைத்துக்கொள்கிறது. எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட்டைக் கலந்து, மெல்ல மெல்ல அமிலமாகும் குளுக்கோனோலாக்டோனைச் சேர்த்த பிறகே செலுத்துவதற்கு அவகாசம் கிடைத்தது. ஜெல்லும் சீராக இறுகியது.

அடுத்து அழுத்தச் சோதனை. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்கிலேயே உணரியை வைத்து அளந்தார்கள். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3 மெகாபாஸ்கல், கார் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு. நேராக அழுத்தியபோது என் ஜெல் தாக்குப்பிடித்தது. கீறலுக்கு எதிர்ப்பக்கமாக வளைத்ததும், கீறல் வாய் திறந்து, ஜெல் நீள இழையாகப் பிதுங்கி மேசையில் விழுந்தது.

ஜெல்லின் உறுதியைப் பற்றிக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வாசலை அடைக்காமல் உள்ளே எதை வைத்து என்ன பயன்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொனாசர் குழுவினர் அடர்த்தியான கொலாஜன் புரதத்தை ரிபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின் கொண்டு நீல ஒளியில் இறுக்கி, நார்வளையத்தை அடைத்திருந்தார்கள். அதையே செய்து பார்த்தேன். கையுறை, மேசை எல்லாம் மஞ்சள். கீறலின் அடிவரை ஒளி படுவதற்காக மெல்லிய அடுக்குகளாக நிரப்பியபோது, வளைத்தாலும் ஜெல் உள்ளேயே நின்றது.

“எனக்கும் ஓர் ஊசி போடேன்” என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒரு தகவல்: இவையெல்லாம் உயிரற்ற டிஸ்க்கில் நடந்தவை. இப்போது ஜெல்லுக்குள் உயிருள்ள செல்களை விதைத்திருக்கிறேன். இறுகும்போது உண்டாகும் அமிலம் அவற்றுக்கு ஆகாமல் போகலாம் என்பதால், குளுக்கோனோலாக்டோனின் அளவைக் குறைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.