சென்னைக்கு எந்த ரோடு?

சனிக்கிழமை பாண்டில இருந்து சென்னைக்கு பைக்லதான்னு முடிவாச்சு, எந்த ரோடுன்னுதான் ரெண்டு நாளா வீட்ல பஞ்சாயத்து. மச்சான் திண்டிவனம் வழிதான் வேகம்னு ஒத்தக் கால்ல நிக்கிறான், சரிதான், ஆனா பைபாஸ்ல லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல போறதுக்கு நான் எதுக்குடா வண்டி எடுக்கணும், பஸ்லயே தூங்கிட்டுப் போயிருவேனே. கடலோரமா போற ஈசிஆர் ரோடுதான்னு சொல்லிட்டேன்.

இருட்டோட கிளம்பிட்டா மரக்காணம் உப்பளத்துல விடியும். பாத்தித் தண்ணில வானம் அப்படியே கிடக்கும், ஓரத்துல உப்பைக் குவிச்சு கீத்து போட்டு மூடி வெச்சிருப்பாங்க, நமக்கு அங்கயே அரை மணி நேரம் போயிரும். அப்புறம் கடப்பாக்கத்துல ரைட் எடுத்தா ஆலம்பரை கோட்டை, 1760ல இங்கிலீஷ்காரன் இடிச்சதுல மிச்சம் நிக்கிற செங்கல் சுவரு, பின்னாடியே கழிமுகம். டிக்கெட் எடுத்துப் பாக்குற இடத்தையெல்லாம் விட எனக்கு இதுதான் புடிக்கும்.

மாமல்லபுரம் தாண்டிட்டா ஒரே கார் கூட்டம், அங்கேர்ந்து சும்மா கடத்துறதுதான்.

திரும்பி வர்றப்ப மத்தியானம் வேணாம், கடக்காத்து பக்கவாட்டுல தள்ளும், போன தடவ பாலத்து மேல ஹேண்டில் ஆடி எனக்கு உயிரே போயிருச்சு. வைசர்ல வேற உப்புப் பிசுபிசுப்பு, கைல ஒரு ஈரத்துணி வெச்சுக்கோங்க.