கை வலிக்காத டிரம்மர்

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் வரிசைகட்டி நிற்கும் சாலைக்குப் பின்னால், தண்டையார்பேட்டையில் இருக்கும் ஓர் அறை வீட்டில் டிரம்ஸ் செட்டை வைப்பதற்கு இடமும் இல்லை, அக்கம்பக்கத்தாருக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை. ஆகவே, நான் உருவாக்கிய ராக் பாட்டின் டிரம்ஸ் முழுவதும் லேப்டாப்பில், விஎஸ்டி பிளகின் எனப்படும், வாத்தியங்களின் ஒலியைத் தரும் ஒரு மென்பொருளில்தான் பிறந்தது.

முதல் வடிவம் தையல் மிஷின் போல ஓடியது. எந்த அடி எப்போது, எவ்வளவு வலுவாக விழவேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறிப்புமுறையான மிடியில், அடியின் வலுவை 1 முதல் 127 வரை குறிக்கலாம். நானோ ஸ்நேர் என்ற சிறிய டிரம்மின் எல்லா அடிகளையும் 127இல் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் சாவு மேளம் அடிக்கும் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "யாருப்பா இது, கை வலிக்காதா அவனுக்கு?" என்றார். அதன்பின் மூன்று இரவுகள் திரையில் அடிகளைக் குறிக்கும் கட்டங்களிலேயே கழிந்தன. ஹைஹேட் என்ற இரட்டைத் தட்டின் அடிகளில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தணித்தேன். சில அடிகளைத் தாளத்திலிருந்து மயிரிழை பின்னுக்குத் தள்ளினேன். டிரம்மருக்கு இரண்டே கைகள் என்பதை மறந்து ஸ்நேர், ஹைஹேட், கிராஷ் தட்டு மூன்றையும் ஒரே கணத்தில் அடிக்கவைத்திருந்த இடங்களைத் திருத்தினேன்.

கிட்டாரை, லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் நேரடியாகச் செருகிவிட்டால் லாரிச் சத்தம் அதில் ஏறாது. ஆனால் கம்பியின் அதிர்வை மின்சார சிக்னலாக்கும் சிங்கிள் காயில் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுத்துக்கொள்ளும். என் அறையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் அது குறைகிறது. (வாஸ்து அல்ல, பிக்கப் திரும்பியிருக்கும் கோணம்தான் காரணம்.) ஆம்ப்ளிஃபையரைப் போலச் செய்யும் ஆம்ப் சிமுலேட்டருக்குப் பின், ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைத் தரும் கேபினெட் ஐஆர் போடாதவரை, கிட்டாரின் கரகரப்பான டிஸ்டார்ஷன் ஒலி குளவிக்கூட்டம் போலவே கேட்கும். ஒரே பதிவை நகலெடுத்து இடமும் வலமும் வைத்தால் ஒலி அகலாது, நடுவில் நின்று உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். ஆகையால் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கான ஒவ்வொரு ரிஃபையும் இரண்டுமுறை வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். கிட்டாரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிய பிறகே பேஸுக்கும், காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

குரலுக்கு மட்டும் மைக் இல்லாமல் முடியாது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் பாடியும், இரண்டாம் சரணத்தின் நடுவே ஒரு லாரி ஹார்ன் விழுந்துவிட்டது. வரிகளுக்கு இடையில் விழுந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டியிருக்கலாம்; குரலோடு கலந்ததால் அந்த வரியை மறுநாள் பாடி ஒட்டினேன். அங்கே மட்டும் தொண்டை சற்றுக் கட்டியிருப்பது ஹெட்போனில் தெரிகிறது. இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.