ஆறாவது மூவ்

பழைய மாணவர் மலருக்கு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று மாதமாகக் கேட்கிறார். எங்களுக்குச் செஸ் பழக்கிய மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்த பிறகு தட்டிக்கழிக்க முடியவில்லை. எந்த மாஸ்டர் என்று நம்மவர்களுக்குச் சொல்லவேண்டுமா? வியாழன் பின்னேரம், ஆய்வுகூடத்துக்குப் பின்னால், கால் ஆடுகிற அந்த மேசை.

1982இல் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துடன் மட்ச். எனக்கு நாலாம் போட், வெள்ளைக் காய். ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளி, பக்கத்துச் சிப்பாயையும் நீட்டினேன். எதிரே இருந்த பொடியன் எடுக்கவில்லை. ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். நீட்டிய சிப்பாயை எடுக்காமல் விடுகிற இந்தத் தொடக்கத்துக்கு குயின்ஸ் காம்பிட் டிக்ளைன்ட் என்று பெயர். என் பிஷப் அவன் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டியது: குதிரை விலகினால் பின்னால் நிற்கிற ராணி போய்விடும். சிப்பாய்களை வெட்டி மாற்றினோம். பார்த்தால், அவனுடைய நடுச் சிப்பாய்க்குக் காவல் அந்தக் கட்டுண்ட குதிரை மட்டும்தான்!

ஆறாவது மூவில் குதிரையால் வெட்டினேன். அவன் அதே குதிரையால் திருப்பி வெட்டினான். குதிரை விலகியதும் பிஷப்பால் அவன் ராணியைத் தூக்கிய சந்தோஷத்தில் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து அவன் பிஷப்பால் செக். என் ராணியைக் குறுக்கே போட்டுச் சாகக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாம் வெட்டி முடிய, ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை நட்டம். அதற்கு யானைப் பொறி என்று பெயர் இருப்பதே பிறகுதான் தெரியும்.

வல்லை வெளியில் பஸ் வரும்போதுதான் வாய் திறந்தார். “கட்டின மாடு எண்டு கிட்டப் போனியடா. கயித்தின்ரை மற்றப் பக்கம் கட்டை இருக்கோ எண்டு பாத்தனியே?”

அந்தத் தவணை முழுக்க எனக்குக் கறுப்புக் காய்தான். 1927இல் புவனஸ் அயர்ஸில் உலகச் சாம்பியன் பட்டத்துக்குக் காபபிளாங்காவும் அலெகினும் ஆடிய 34 ஆட்டத்தில் 32 இந்த ஓப்பனிங் என்பார். எங்களுக்குக் கொட்டாவி வரும். எடுக்காமல் விடுவதற்கும் விலை உண்டு: ராணிப்பக்கத்து பிஷப் தன் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடைபட்டுக் கிடக்கும். அதை வெளியே கொண்டுவருவதுதான் கறுப்பின் பெரும்பாடு. மாஸ்டர் அதை “வீட்டோட நிக்கிற பிள்ளை” என்பார்.

நான் 1986இல் வெளிநாடு வந்துவிட்டேன். அவருடைய பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டும் அவர் வரவில்லை.

2011இல் ஊருக்குப் போனபோது பலகையை எடுத்து வைத்து, வெள்ளையை என் பக்கம் திருப்பினார். “அங்க விளையாடுறனியோ?” நேரமில்லை சேர் என்றேன். சிப்பாயை நீட்டினேன், வழக்கம்போல எடுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மூவ் போயிருக்கும், வான்காரன் ஹோர்ன் அடித்தான். அவருடைய பிஷப் அப்போதும் வீட்டோடுதான் நின்றது.